மாதேஸ்வரி தனியாகச் சாப்பிட்ட மதியம்

எங்கள் ஓட்டல் முன்னால் ஒரு கார் வந்து நின்றால், அதிலிருந்து இறங்குகிறவர்கள் வாசலை எட்டுவதற்குள் அவர்கள் வீட்டில் என்ன பாஷை பேசுவார்கள் என்று பிரேம்குமார் சொல்லிவிடுவான். நம்பர் பிளேட்டைப் பார்த்தால் யார் வேண்டுமானாலும் சொல்லலாமே என்பீர்கள். சொல்லித்தான் பாருங்களேன். கிருஷ்ணகிரி ஓசூர் ரோட்டில் கர்நாடகா வண்டியில் வருகிறவர்களில் பாதிப் பேர் பெங்களூரில் குடியேறிய தமிழர்கள். நம்மூர் வண்டியில் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு வீட்டில் தெலுங்கு. பிரேம் வண்டியைப் பார்க்கவே மாட்டான். கதவு திறந்ததும், அந்த வீட்டு அம்மா பிள்ளையை அதட்டுவதற்குக் காது கொடுப்பான். "கொஞ்சறத எந்த பாஷையில வேணா கொஞ்சலாம் நிர்மலாக்கா. திட்டறது மட்டும் சொந்த பாஷையிலதான் வரும்" என்பான்.

பிறகு வாசலில் போய் நின்று தமிழருக்கு "வாங்க", தெலுங்குக்காரருக்கு "ரண்டி", கன்னடக்காரருக்கு "பன்னி" என்பான், கூடவே "எஷ்டு ஜனா?" என்று எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் எனக் கேட்பான். பசியிலும் பயணக் களைப்பிலும் சிடுசிடுத்து வந்தவர்கள் முகம் அப்படியே மலரும். அந்த மலர்ச்சிக்கே இரண்டு தோசை கூடுதலாகப் போகும் என்பார் எங்கள் முதலாளி பஷீர் அஹமது. பாய் சும்மா சொல்ல மாட்டார். பிரியாணி மாஸ்டராக இருந்து முதலாளி ஆனவர்.

நான் அந்த ஓட்டலின் கேஷியர். கல்லாவில் உட்கார்ந்தே என் தலை நரைத்தது. அங்கே உட்கார்ந்திருப்பவளுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. சர்வரிடம் எரிந்து விழுந்துவிட்டு மறுநிமிஷம் பெண்டாட்டியிடம் குழைகிறவனை எல்லாம் நிறையப் பார்த்தாயிற்று. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று ஊரில் பேச்சு. இருந்துவிட்டுப் போகட்டும்.

உத்தனப்பள்ளியிலிருந்து சர்வர் வேலைக்கு வந்தவன் பிரேம். வந்த புதிதில் யூனிபார்ம் சட்டை அவனுக்குத் தொளதொளவென்று இருக்கும். எனக்கும் அவனுக்கும் எப்போதும் ஒரு வடைப் பந்தயம் நடக்கும். கார் வந்து நின்றதும் நான் ஒரு பாஷை சொல்வேன், அவன் ஒரு பாஷை சொல்வான். தோற்றவர் ஜெயித்தவருக்கு ஒரு வடை வாங்கித் தர வேண்டும். எனக்குச் சேர வேண்டிய வடையெல்லாம் அவன் வயிற்றுக்குள்தான் போனது.

அவன் தோற்றது ஒரே ஒரு தடவை. துணி தைக்கிற கம்பெனிப் பெண்கள் கும்பலாகச் சாப்பிட வந்தார்கள். முன்னால் வந்த பெண் தோழியைக் கன்னடத்தில் திட்டிக்கொண்டே வந்தாள். பிரேம் பல்லெல்லாம் தெரிய "பன்னி, எஷ்டு ஜனா?" என்றான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஏன், உங்களுக்குத் தமிழ் வராதா?" என்றாள். அவள் தளி பக்கம், வீட்டில் கன்னடம்தான். வேண்டுமென்றே வம்பு செய்தாள். நான் பந்தயத்தில் ஜெயித்ததாகச் சொல்லி வடையைப் பிடுங்கித் தின்றேன். அதற்குப் பிறகு அந்தக் கும்பல் வருகிற நாளெல்லாம் பிரேம் தலை வாரிக்கொண்டு நின்றான். மாதேஸ்வரி அப்படித்தான் அவனுக்கு மனைவியானாள்.

அந்தக் காலத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைந்து போகும். மதியக் கூட்டம் ஓய்ந்ததும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சமையல்காரர், சர்வர், பாத்திரம் தேய்க்கிறவர் எல்லோரும் பேமிலி ரூமில் ஒன்றாக உட்காருவோம். அண்டாவில் மிஞ்சின குஸ்காவும் தாளிச்சாவும்தான் சாப்பாடு. பிரேம் அன்றைக்கு வந்த கஸ்டமர்களைப் போல நடித்துக் காட்டுவான். சிரித்துச் சிரித்துப் புரை ஏறும். மாங்காய் சீசனில் லாரிக்காரர்கள் ஒரு கூடை இறக்கிவிட்டுப் போவார்கள், அதை உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுத் தின்போம். வேலை அப்போதும் முதுகை ஒடிக்கத்தான் செய்தது. ஆனால் ஒன்றாகச் சேர்ந்து ஒடிந்தோம்.

பாய் அவனை சர்வர்களை மேய்க்கிற கேப்டன் ஆக்கினார், பிறகு மேனேஜர் ஆக்கினார். அவனும் தகுதியானவன்தான். கொரோனா வந்து ஊரெல்லாம் மூடித் திறந்தபோது பாதி ஆட்கள் திரும்பி வரவில்லை. மாஸ்டர் வராத நாளில் பிரேமே கரண்டி பிடித்தான். ஒடிசா, பீகார்ப் பையன்கள் வேலைக்கு வந்தார்கள், அவர்களுக்காக இந்தியும் கற்றுக்கொண்டான். போதாததற்கு ஆன்லைன் ஆர்டர் வந்தது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டேப்லெட்டை வைத்துவிட்டார்கள். பச்சைக் குழந்தை மாதிரி அது எந்நேரமும் கத்தும். பெங்களூரில் உட்கார்ந்திருக்கிற எவனோ சட்னி பத்தவில்லை என்று ஒற்றை ஸ்டார் போடுவான். அதற்கு "மன்னிக்கவும்" என்று பதில் எழுதுவதும் மேனேஜர் வேலை. சுற்றிலும் புதுப் புதுக் கம்பெனிகள் முளைத்தன. ஷிப்ட் விடுகிற நேரமெல்லாம் எங்களுக்குக் கூட்டம். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிற வழக்கம் எப்போது நின்றது என்று எனக்கே ஞாபகம் இல்லை. பிரேம் கிச்சன் வாசலில் நின்றபடியே இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவான்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஆள் மாறினான். காலையில் வந்து பார்க்கிங்கில் வண்டியை நிறுத்துவான், ஆனால் இறங்க மாட்டான். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சீட்டிலேயே உட்கார்ந்திருப்பான். ஏன் என்று கேட்டால், "போன் பேசினு இருந்தன்க்கா" என்பான். போன் அவன் சட்டைப் பையை விட்டு வெளியே வந்திருக்காது. வடைப் பந்தயத்துக்குக் கூப்பிட்டால், "நேரம் இல்லக்கா" என்பான். சின்னத் தப்புக்கெல்லாம் பையன்களைக் கிழித்துத் தோரணம் கட்டினான். வாரத்தில் ஒரு நாள் லீவு உண்டு, அதையும் எடுக்க மாட்டான். "நான் இல்லன்னா கவுந்துடும்க்கா." எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எந்த ஓட்டலும் எவனுக்காகவும் கவுந்துடாது. அப்படி நெனைக்கறதும் ஒரு திமிருதான்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவன் கோபப்பட்டிருந்தால் நிம்மதி அடைந்திருப்பேன். "சரிங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஒன்று மட்டும் மாறவில்லை. வாசலில் நின்று "வாங்க, ரண்டி, பன்னி" என்று சொல்லும் அந்தச் சிரிப்பு. அதைப் பார்த்துத்தான் நாங்கள் எல்லோரும் ஏமாந்தோம்.

நாலு நாள் சேர்ந்தாற்போல் லீவு வந்தது. அதற்கு முந்தின நாள் மதியமே பெங்களூரில் பாதி எங்கள் ரோட்டுக்கு வந்துவிட்டது. வாசலில் வரிசை நின்றது. ஒரு கன்னடக் குடும்பத்தை உட்கார வைத்துவிட்டு பிரேம் மறுபடி வாசலுக்குப் போனான். அடுத்து நின்றவள் மாதேஸ்வரி.

எப்போதும் சேலையில்தான் வருவாள். அன்றைக்குப் புது சுடிதார், இறுக்கிப் பின்னிய ஜடை, கையில் ஒரு பைல். அவன் அவள் முகத்துக்கு நேராகவே பார்த்தான். சிரித்தான். "பன்னி மேடம், எஷ்டு ஜனா?" என்றான்.

விளையாடுகிறான் என்றுதான் நானும் நினைத்தேன். பழைய ஞாபகத்தில் சீண்டுகிறான், பரவாயில்லை, ஆள் தேறிவிட்டான் என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. அவளும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். சிரிப்பை அடக்கிக்கொண்டு, அடுத்து என்ன சொல்லப் போகிறான் என்று காத்து நின்றாள். அவன் அவளைத் தாண்டி வரிசையைப் பார்த்துக்கொண்டு, "எஷ்டு ஜனா மேடம்?" என்று மறுபடியும் கேட்டான். அவள் முகத்தில் சிரிப்பு அணைந்தது. "ஒப்பளே" என்றாள். தனியாகத்தான் வந்திருக்கிறேன் என்று அர்த்தம். அவன் ஒரு மேஜைக்கு அழைத்துப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு, சர்வருக்கு ஒரு விரலைக் காட்டிவிட்டு, அடுத்த ஆளை வரவேற்கப் போய்விட்டான்.

அவள் எழுந்து போய்விடுவாள் என்று பார்த்தேன். போகவில்லை. சாப்பாடு வாங்கி, சாம்பார், ரசம், மோர் என்று முறையாகச் சாப்பிட்டு, இலையை மூடிவிட்டு, கை கழுவிக்கொண்டு கல்லாவுக்கு வந்தாள். அவன் அவள் மேஜையைக் கடந்து எத்தனையோ தடவை ஓடினான்.

"வேலை கெடச்சிருச்சுக்கா" என்றாள். "செல்போன் பார்ட்ஸ் செய்ற கம்பெனியில. இன்டர்வியூ முடிச்சு, மொதல்ல அவருகிட்ட சொல்லணும்னு நேரா இங்கதான் வந்தன்."

"அடிப்பாவி! இரு, அவனக் கூப்பிடறன்."

"வேணாங்க்கா. அவரு வேலையில இருக்காரு." பர்ஸைத் திறந்தாள். காசு வேண்டாம் என்று அவள் கையைத் தள்ளினேன். "வாங்கிக்குங்க்கா. கஸ்டமர்தான நானு" என்றாள். பில்லுக்கு உண்டானதை வைத்துவிட்டு, பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபத்தில் கல்லாவைப் பூட்டிவிட்டு நேராக அவனிடம் போனேன். கூட்டம் என்றும் பார்க்கவில்லை. "மேனேஜர் சார், ஜன்னலோரத்துல தனியா சாப்பிட்டுப் போச்சே ஒரு அம்மா, அது யாரு?" என்றேன்.

"கன்னட பார்ட்டிக்கா. ஏன், ஏதாச்சும் கம்ப்ளைண்ட்டா?"

"உன் பொண்டாட்டிடா."

அவன் சிரித்தான். பந்தயத்துக்கு இழுக்கிறேன் என்று நினைத்திருப்பான். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. கேப்டன் உமைரை வாசலில் நிற்கச் சொல்லிவிட்டு மேனேஜர் ரூமுக்குப் போனான். நானும் பின்னாலேயே போனேன். கேமரா டிவியில் கொஞ்ச நேரத்துக்கு முந்தினதை ஓட்டினான். சத்தம் இல்லாத படம். அவள் நிற்கிறாள், சிரிக்கிறாள். அவன் சிரிக்கிறான், நாற்காலியை இழுத்துப் போடுகிறான், போய்விடுகிறான். திரும்பவும் போட்டான். அதற்கப்புறமும் ஒரு தடவை போட்டான்.

"அவ எனக்காகக் காத்துட்டு நிக்கறாக்கா" என்றான்.

"ஆமா."

"நானும் சிரிச்சினுதான் இருக்கறன். ஆனா அது நான் இல்லக்கா. அவ வந்ததே எனக்கு ஞாபகம் இல்ல." டிவியை அணைத்தான். "எனக்கு என்னமோ ஆயிடுச்சுக்கா."

எத்தனை வருஷம் அவனைத் திட்டியிருக்கிறேன். அன்றைக்கு எனக்குத் திட்ட வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது. சாவிக் கொத்தையும் கடைப் போனையும் என்னிடம் கொடுத்துவிட்டு, அவ்வளவு கூட்டத்துக்கு நடுவில் முதல் தடவையாக பிரேம்குமார் வீட்டுக்குப் போனான்.

வீட்டில் நடந்ததை மாதேஸ்வரி பிறகு சொன்னாள். அவன் போனபோது அவள் துணிகளை எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தாளாம். மகள் அனுப்ரியா பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் தளிக்கு, அம்மா வீட்டுக்கே போய்விடுவது என்று முடிவு செய்திருந்தாள். "ஒரே ஊட்ல ரெண்டு வருஷமா தனியாத்தான்க்கா இருக்கறன். அங்க போய் இருந்துட்டுப் போறன்னு நெனச்சன். அவரு வந்து சாரின்னு சொல்லியிருந்தா கெளம்பித்தான் இருப்பன். வந்தவரு தரையில உக்காந்துனு 'பயமா இருக்குது மாதேசு'ன்னாரு. அதுக்கு மேல எனக்குக் காலு வரல" என்றாள்.

டாக்டரிடம் போனார்கள். ரத்தமெல்லாம் சரியாக இருந்தது. உடம்புக்கு நோய் இல்லை, வேலை ஆளைத் தின்றுவிட்டது, ஓய்வு வேண்டும், தேவைப்பட்டால் மனசுக்கு வைத்தியம் பார்க்கிறவரிடம் அனுப்புகிறேன் என்றாராம் டாக்டர். ஒரு மாதம் லீவு கேட்க பிரேம் கடைக்கு வந்தான்.

பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. அவர் கெட்டவர் இல்லை. பிரேமைப் பிள்ளை மாதிரிதான் நினைத்தார். "என்னாடா பிரேமு, உனக்கு என்னா கொறை வச்சன்? சம்பளத்த ஏத்திக்கலாம். கிருஷ்ணகிரியில ரெண்டாவது பிராஞ்ச் போடறன், அதுக்கும் நீதான்டா மேனேஜர்" என்றார். பிரேம் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் சரி பாய் என்று சொல்லியிருப்பான்.

நான் கல்லாவில் இருந்தபடியே கேட்டேன். "பாய், அண்டா அடி பிடிச்சா என்னா பண்ணுவீங்க?"

"இப்ப எதுக்கும்மா அது?"

"சொல்லுங்க பாய்."

"அடி பிடிச்சா கரண்டி போடக் கூடாது. கிளறினா மொத்த அண்டாவும் தீஞ்ச வாசம் வந்துடும். அடுப்ப அணச்சு, மேலாக்க எடுத்து வேற அண்டாவுல மாத்தணும்."

"இவன் அடி பிடிச்சுப் போய் நிக்கறான். நீங்க இன்னொரு கரண்டி போட்டுக் கிளறறீங்க."

பாய் என்னை முறைத்தார். பிறகு பிரேமைப் பார்த்தார். ரொம்ப நாள் கழித்து அன்றைக்குத்தான் அவனை நன்றாகப் பார்த்தார் என்று நினைக்கிறேன். அவன் தோளில் கை வைத்து, "போ. ஒரு மாசம் இந்தப் பக்கம் வராத" என்றார்.

ஒரு மாதத்தில் எல்லாம் பூப்போல மாறிவிடவில்லை. முதல் வாரம் தூங்கித் தூங்கி எழுந்தான். எழுந்தால் எனக்குப் போன். "பால் வந்துச்சாக்கா? மாஸ்டர் வந்தாரா?" நான் பதில் சொல்லாமல் துண்டித்துவிடுவேன். காரணம் இல்லாமல் வீட்டில் கத்தினான். கத்தியதற்காக அழுதான். அனுப்ரியா அப்பாவைப் புதிதாகக் குடிவந்தவரைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்விடுவாள். அவள் அவனிடம் சாதாரணமாக வந்து கணக்குச் சந்தேகம் கேட்பதற்கு அந்த மாதம் முழுக்க ஆனது. மாதேஸ்வரி வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். விடியற்காலையில் அவளுக்கு டிபன் கட்டிக் கொடுத்து, கம்பெனி பஸ் நிற்கிற இடம் வரைக்கும் கூடவே நடந்து போனான். அந்த நடை ஒன்றுதான் அவனுக்கு மருந்து என்று அவளே சொன்னாள். வழியில் பேசுவதற்கு ஒன்றும் இருக்காதாம். ஒரு நாள், "இந்தத் தெருவுல இவ்ளோ நாயி இருக்குதா?" என்று கேட்டானாம்.

கடையை உமைர் பார்த்துக்கொண்டான். ஒரு நாள் பிரியாணி சீக்கிரமே தீர்ந்து பெரிய ரகளை. இன்னொரு நாள் டேப்லெட்டை எவனோ அணைத்து வைத்துவிட்டான், நான் இல்லை. ஆனால் கூரை இடிந்து விழவில்லை. திரும்பி வந்த அன்று பிரேம் எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தான். "நான் இல்லாமயே ஓடிச்சாக்கா?" என்று கேட்டான். குரலில் ஒரு வலி இருந்தது. இருக்காதா பின்னே? இத்தனை வருஷம் அதற்குத்தானே உயிரைக் கொடுத்தான்.

"ஓடிச்சு. நொண்டி நொண்டி ஓடிச்சு" என்றேன்.

அவன் சிரித்துவிட்டான். வாசலில் சிரிக்கிற சிரிப்பு இல்லை, புரை ஏறுகிற பழைய சிரிப்பு.

செவ்வாய்க்கிழமை லீவு கட்டாயம். ஆன்லைன் ஆர்டர் உமைர் பொறுப்பு. வீட்டுக்குப் போய்விட்டால் கடை ஆட்கள் யாரும் போன் போடக் கூடாது. இதையெல்லாம் பாயிடம் கேட்டு வாங்கிக்கொண்டான். கிருஷ்ணகிரி பிராஞ்ச் வேண்டாம் என்று சொன்னது அவனே. அது உமைருக்குப் போனது. இன்றைக்கு உமைர் காரில் வந்து இறங்குகிறான். பிரேமிடம் தொழில் கற்றவன், பிரேமுக்கு மேலே போய்விட்டான். அந்தத் திறப்பு விழாவில் பிரேம் முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டியபோது எனக்கு வயிறு எரிந்தது. அவனுக்கும் எரிந்திருக்கும். ஆனாலும் பந்தி முடிகிற வரைக்கும் இருந்து, சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தான்.

போன வருஷக் கடைசியில் மாதேஸ்வரிக்குக் கம்பெனியில் புரமோஷன் வந்தது. லைன் லீடர். அவளுக்குக் கீழே அத்தனை பெண்கள். தெருவே வாழ்த்தியது. சாமல்பட்டி, வேப்பனப்பள்ளி என்று எங்கெங்கிருந்தோ வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் அக்கா.

ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் நான் காய் வாங்கிக்கொண்டு வரும்போது பிரேம் பஸ் நிற்கிற இடத்தில் அவளுக்காக நின்றுகொண்டிருந்தான். நானும் பேச்சுத் துணைக்கு நின்றேன். பஸ் வந்தது. பெண்கள் கலகலவென்று இறங்கினார்கள். மாதேஸ்வரியும் யாருக்கோ டாட்டா காட்டிக்கொண்டே இறங்கினாள். என்னைப் பார்த்து, "என்னாக்கா, கத்திரிக்கா பிஞ்சா இருக்குதா?" என்று கேட்டாள். எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

பிரேம் அவள் தோளிலிருந்து பையை வாங்கினான். கையிலேயே ஒரு நிமிஷம் தூக்கிப் பிடித்திருந்தான்.

"டப்பா கனமா இருக்குது" என்றான்.

"சாப்பிட டைம் இல்லீங்க. லைன்ல ஒரே டார்கெட்டு."

"நேத்தும் கனமாத்தான் வந்துச்சு. முந்தா நாளும். நாளைக்கு லீவு போடு மாதேசு."

"அய்யோ, நான் போகலன்னா லைன் நின்னுடுங்க."

"நின்னா நிக்கட்டும்" என்றான். "நீ நல்லா இல்ல."

"நல்லாத்தான்..." என்று ஆரம்பித்தவள் முடிக்கவில்லை. உதடு கோணியது. அங்கேயே, சாக்கடைக் கல்மேல் உட்கார்ந்து, முகத்தைத் துப்பட்டாவில் மூடிக்கொண்டு அழுதாள். கூட இறங்கின பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடைக்காரன் எட்டிப் பார்த்தான். பிரேம் யாரையும் பார்க்கவில்லை. அவள் பக்கத்தில் அந்தக் கல்லிலேயே உட்கார்ந்தான். அவள் அழுது முடிக்கிற வரைக்கும் எழுந்திருக்கவில்லை.